எழுபத்தைந்து வயதில் திறந்த கதவு

1920ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் பட்டயக் கணக்காளர் நிறுவனம் புதிய அங்கத்தவர் ஒருவரின் பெயரைத் தன் ஏட்டிலே பதிந்துகொண்டது. மேரி ஹாரிஸ் ஸ்மித் என்பது அவர் பெயர். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. பட்டயக் கணக்காளர் என்ற தகுதியை உலகிலேயே முதன்முதலாகப் பெற்ற பெண்மணி அவரே. உத்தியோகத்தை விட்டு ஓய்ந்து பலர் பேரப்பிள்ளைகளோடு பொழுது போக்கும் வயதில் அவர் அந்த நிறுவனத்தின் வாயிலுள் நுழைந்தார். அதே வாயிலை அவர் தட்டியது இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு.

இந்நாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கணக்காளராவது இல்லாத சுற்றத்தைக் காண்பது அரிது. அவர்களுள் எல்லோரும் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு இத்தொழிலுக்கு வந்தவர்கள் அல்லர். ஊரிலே ஆசிரியராக, இலிகிதராக, தபாலதிபராக இருந்துவிட்டு, நாற்பது வயதை எட்டிய பின் இங்கு வந்து பாடப் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்கள் பலர். அவர்கள் நுழைந்த கதவு எப்படித் திறந்தது என்பதை அறிய வேண்டுமானால் கணக்குத் தொழிலின் பழைய வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்க்க வேண்டும்.

இளமையில் தொடங்க வேண்டிய தொழிலா?

கணக்குத் தொழில் சிறு வயதிலேயே பழக வேண்டியது என்ற எண்ணம் கிழக்கிலும் மேற்கிலும் வேரூன்றியிருந்தது. தமிழகத்தில் நகரத்தார் சமூகத்து வணிக முறை இதற்கு நல்ல உதாரணம். பர்மா, இலங்கை, மலாயா முதலிய நாடுகளில் அவர்கள் நடத்திய கடைகளுக்குச் சிறுவனாகச் செல்பவன் முதலில் பெட்டியடியில் அமர்ந்து எடுபிடி வேலை செய்வான். கூட்டலும் வட்டிக் கணக்கும் வாய்ப்பாடாக அவன் நாவிலே ஏறும். பின்னர் அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக உயர்வான். நாளேட்டில் எழுதிய வரவு செலவைப் பேரேட்டில் ஏற்றி, தவணை முடிவில் ஐந்தொகை போட்டு, முதலாளியிடம் ஒப்படைக்கும்போது அவன் தேர்ந்த கணக்கனாகியிருப்பான். அந்தக் கல்விக்குப் பரீட்சையும் இல்லை, சான்றிதழும் இல்லை. வளர்ந்த பின் வெளியிலிருந்து வந்து அதனுள் நுழைய வழியும் இல்லை.

பிரித்தானியாவில் முறை வேறு. ஆனால் முடிவு ஏறக்குறைய ஒன்றே. எடின்பரோ கணக்காளர்கள் 1854ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்றனர். அதனாலேயே பட்டயக் கணக்காளர் என்ற பெயர் உண்டாயிற்று. இங்கிலாந்து, வேல்ஸ் நிறுவனத்துக்கு அப்பட்டயம் 1880ஆம் ஆண்டில் கிடைத்தது. அதில் அங்கத்தவராக விரும்பும் இளைஞன், பட்டதாரி அல்லாதவனாயின், ஒரு கணக்காளரிடம் ஐந்தாண்டு காலம் ஒப்பந்தப் பயிலுநராக இருந்தாக வேண்டும். பயிற்சிக்காக அவனுடைய தந்தை பெருந்தொகையை முன்பணமாகச் செலுத்துவார். பையனுக்கோ சம்பளம் பெரும்பாலும் கிடையாது. இத்தகைய ஏற்பாடு யாருக்குப் பொருந்தும்? வசதி படைத்த வீட்டு மகனுக்குப் பொருந்தும். மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டிய முப்பத்தைந்து வயதுக் குமாஸ்தாவுக்கு எப்படிப் பொருந்தும்? வயதானவர் வரக்கூடாது என்று விதி எங்கும் எழுதப்படவில்லை. எழுதாமலே அந்த வேலையை முன்பணமும் சம்பளமற்ற ஐந்தாண்டும் செய்துவிட்டன.

உத்திரமேரூர் கேட்ட தகுதி

கணக்குக்கு இளமைதான் தகுதி என்று தமிழர் எல்லாக் காலத்திலும் கருதவில்லை என்பதற்குக் கல்லிலே சான்று உண்டு. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு அங்கத்தவரைத் தெரிந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. கி.பி. 919ஆம் ஆண்டில் வகுத்த விதி, முப்பது வயதுக்கு மேல் அறுபதுக்குள் இருப்பவரையே ஏற்றது. இரண்டே ஆண்டுகளில் அவ்விதி திருத்தப்பட்டது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். ஊரின் ஏரியையும் பொன்னையும் தோட்டத்தையும் பராமரிக்கும் பொறுப்பை ஒப்படைக்க, இன்னும் சற்று முதிர்ந்தவர்களே வேண்டும் என்று அச்சபையார் கண்டனர் போலும்.

அதைவிடக் கடுமையானது கணக்கைப் பற்றிய விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்தில் ஓலை இடப்பெறத் தகுதியற்றவர். கணக்கு எழுதுபவர் நேர்மையான வழியில் பொருளீட்டியவராக இருத்தல் வேண்டும். அவர் தம் கணக்கைப் பெரியோர் முன் தாமே காட்டிச் சுத்தர் என்று ஏற்கப்படும் வரை அப்பணியில் மறுபடி அமர முடியாது. அவருக்குப் பதிலாக வேறொருவர் வந்து கணக்கை முடித்துவைக்கவும் இடமில்லை. அச்சபை கணக்கனிடம் விரைவாகக் கூட்டும் திறமையைத் தேடவில்லை. அது தேடியது நம்பகம். நம்பகம் ஒருவரிடம் உண்டா இல்லையா என்பது அவர் சில காலம் வாழ்ந்து காட்டிய பின்னரே ஊருக்குத் தெரியவரும்.

ஐரோப்பாவில் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலாக அச்சிட்ட நூலில் விளக்கியவரும் இளைஞர் அல்லர். லூக்கா பச்சோலி என்ற கிறிஸ்தவத் துறவி 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் வெளியிட்ட கணித நூலின் ஒரு பகுதியில், வெனிஸ் வணிகர் ஏற்கெனவே கையாண்டு வந்த முறையை ஒழுங்குபடுத்தி எழுதினார். அப்போது அவர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். வணிகன் தன் ஏடுகளை இறைவன் பெயரால் தொடங்க வேண்டும், முதல் ஏட்டில் சிலுவைக் குறி இட வேண்டும் என்று அவர் சொல்லியிருப்பது, பிள்ளையார் சுழி இட்டுக் கணக்குத் தொடங்கும் மரபில் வந்தோருக்கு வியப்பாக இராது. கணக்கேடு என்பது கடவுள் சாட்சியாக எழுதப்படுவது என்ற கருத்தில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன.

மேரி ஹாரிஸ் ஸ்மித்

மேரி ஹாரிஸ் ஸ்மித் 1844ஆம் ஆண்டில் லண்டனில் பிறந்தார். சிறு பெண்ணாக இருந்தபோதே எண்களில் அவருக்கு ஈடுபாடு இருந்தது. அதைக் கண்ட தந்தையார் தடை செய்யாமல் ஊக்கம் அளித்தார். பதினாறாம் வயதளவில் அவர் ஆசிரியர் ஒருவரிடம் கணிதம் பயின்றார். பின்னர் லண்டன் வணிகக் கொம்பனி ஒன்றில் கணக்கெழுதினார். அதன்பின் தென் கென்சிங்டனில் இருந்த ராயல் ஸ்கூல் ஆஃப் ஆர்ட் நீடில்வொர்க் என்ற தையற்கலைப் பள்ளியில் கணக்காளராகப் பணிபுரிந்தார். இவையெல்லாம் பிறரிடம் செய்த ஊழியம்.

1880களின் பிற்பகுதியில், நாற்பது வயதைக் கடந்த பின், அவர் தம் சொந்தப் பெயரில் கணக்காளர் அலுவலகம் தொடங்கினார். அக்காலத்தில் மணமாகாத ஒரு பெண் பிறருடைய கணக்கைச் சரிபார்த்துக் கையொப்பமிடும் தொழிலைத் தனியே நடத்துவது துணிவான செயல். வாடிக்கையாளர் வந்தனர், வேலையும் நடந்தது. ஆனால் பெயருக்குப் பின்னே இடும் எழுத்துகள் இல்லை. கணக்காய்வாளரை நியமிக்கும்போது பெரிய கொம்பனிகள் அந்த எழுத்துகளைத்தான் தேடும்.

எனவே அவர் முதலில் கணக்காளர், கணக்காய்வாளர் சங்கம் என்ற அமைப்புக்கு விண்ணப்பித்தார். அது 1885ஆம் ஆண்டில் தோன்றியது. அங்கு மறுப்பு. 1891ஆம் ஆண்டில் பட்டயக் கணக்காளர் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். அங்கும் மறுப்பு. அவருடைய வேலையில் குறை இருப்பதாக அம்மறுப்பு சொல்லவில்லை. பட்டயத்தின் வாசகம் ஆண்பாலிலேயே எழுதப்பட்டிருக்கிறது, ஆகையால் பெண்ணைச் சேர்க்க இடமில்லை என்பதே காரணம். கூட்டல் தவறியிருந்தால் திருத்திக் காட்டலாம். இலக்கணத்தின் பால் வேற்றுமையை அவர் எப்படித் திருத்துவார்?

அவர் அலுவலகத்தை மூடவில்லை. நாற்பதுகளில் தொடங்கிய தொழிலை ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நடத்திக்கொண்டேயிருந்தார். முதல் உலகப் போர் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குப் போக, அலுவலக மேசைகளில் பெண்கள் அமர்ந்தனர். கணக்கேடுகள் நின்றுபோகவில்லை. போர் முடியும் காலத்தில் கணக்காளர், கணக்காய்வாளர் சங்கம் பெண்களை ஏற்க முன்வந்து ஹாரிஸ் ஸ்மித்தையும் சேர்த்துக்கொண்டது. 1919ஆம் ஆண்டு டிசம்பரில், பெண் என்ற காரணத்துக்காகத் தொழில்களிலிருந்து எவரையும் விலக்கலாகாது என்ற சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அடுத்த சில மாதங்களில் அவர் மீண்டும் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் வாயிலுக்கு வந்தார். இம்முறை அது திறந்தது. அதன்பின் அவர் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து, 1934ஆம் ஆண்டில் எண்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.

அந்நிறுவனத்தின் பரீட்சைகளில் தேறி அங்கத்தவரான முதற் பெண் எதெல் வாட்ஸ். அவர் தகுதி பெற்றது 1924ஆம் ஆண்டில். ஹாரிஸ் ஸ்மித் திறந்த கதவால் நான்கே ஆண்டுகளில் ஓர் இளம்பெண் நுழைந்துவிட்டார்.

பக்கத்தில் திறந்த வாயில்கள்

பெருங்கதவு மூடியிருந்த காலத்தில் பக்கத்தில் வேறு வாயில்கள் தோன்றின. 1904ஆம் ஆண்டில் எட்டுப் பேர் கூடி லண்டன் கணக்காளர் சங்கத்தை நிறுவினர். முன்பணம் கட்ட வசதி இல்லாதவரும் இத்தொழிலுக்கு வர வழி வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அச்சங்கம் 1909ஆம் ஆண்டில் எதெல் எயர்ஸ் பர்டி என்ற பெண்மணியைச் சேர்த்துக்கொண்டது. அவருக்கு அப்போது வயது முப்பத்தைந்தளவில் இருக்கும். பெண்களுக்கு வாக்குரிமை கோரிய இயக்கத்தில் ஈடுபட்டவர் அவர். மனைவியின் வருமானத்தைக் கணவனின் வருமானமாகவே கருதிய அக்கால வரிச் சட்டத்தை எதிர்த்து வாதாடினார். அவர் எதிர்த்த அந்த முறை இந்நாட்டில் 1990ஆம் ஆண்டுவரை நீடித்தது.

எட்டுப் பேர் தொடங்கிய அச்சங்கமே பல பெயர் மாற்றங்களுக்குப் பின் இன்று ஏ.சி.சி.ஏ. என வழங்குகிறது. 1974ஆம் ஆண்டில் அதற்கும் அரச பட்டயம் கிடைத்தது. தொழிற்சாலைகளின் உற்பத்திச் செலவைக் கணக்கிடுவோருக்காக 1919ஆம் ஆண்டில் தோன்றிய மற்றோர் அமைப்பு, 1986ஆம் ஆண்டு முதல் சீமா என்ற பெயரால் அறியப்படுகிறது. இவ்விரண்டின் வழியில் ஒரு சிறப்பு உண்டு. வேலை பார்த்துக்கொண்டே, தபால் மூலம் பாடம் பெற்று, இரவிலே படித்து, பரீட்சையைப் பகுதி பகுதியாக எழுதலாம். இன்ன அலுவலகத்தில் இன்ன வயதில் பயிற்சி தொடங்கினாயா என்ற கேள்வி இல்லை. பாடம் தெரியுமா, அனுபவம் உண்டா என்பனவே கேள்விகள். இரண்டாம் வாயிலின் நிலை இத்தனை தாழ்ந்து இருந்தமையாலேயே கடல் கடந்து வாழ்ந்தவர்களும் அதைத் தாண்ட முடிந்தது.

தமிழ்நாட்டில் இதே கதை வேறு வடிவில் நடந்தது. சென்னையில் கல்வி பெற்ற ஆர். சிவபோகம் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு ஓராண்டு சிறையில் இருந்தவர். கணக்காளராவது என்ற முடிவை அவர் எடுத்தது சிறையிலே. ஆனால் சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு பெற முடியாது என்று அன்றைய சட்டம் தடுத்தது. அத்தடையை எதிர்த்து வழக்காடி வென்று, 1933ஆம் ஆண்டில் இந்தியாவின் முதற் பெண் கணக்காளர் ஆனார். பின்னாளில் தென்னிந்தியப் பட்டயக் கணக்காளர் மண்டல அவையின் தலைமையும் அவருக்குக் கிடைத்தது. லண்டனில் வாசகத்தின் பால் தடுத்தது. சென்னையில் சிறைவாசம் தடுத்தது. இரண்டு இடங்களிலும் அந்தப் பெண்களின் கணக்கில் பிழை இருந்ததாக எவரும் சொல்லவில்லை.

கடல் கடந்து வந்தவர்கள்

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்றோர் எழுதுவினைஞராகவும் கணக்கராகவும் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்றது பிரித்தானியர் ஆட்சிக் காலத்து வழக்கம். லண்டன் பரீட்சைகளை இலங்கையிலிருந்தே எழுதுவதும் அவர்களுக்குப் புதிதன்று. இலங்கையில் ரூபாவும் சதமும் நூறின் மடங்கில் கணக்கிடப்பட்டன. லண்டன் பாடத்திலோ பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுண். 1971ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் தேதி இந்நாடு தசம முறைக்கு மாறும்வரை, லண்டன் வினாத்தாளுக்குப் படித்த நம்மவர் தாம் கையில் எடுத்துச் செலவழித்தறியாத நாணயத்தில் கூட்டிக் கழித்துப் பழகினார்கள்.

1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற சட்டம் வந்தது. அரசாங்க எழுதுவினைஞர் பலருக்குச் சம்பள உயர்வும் பதவி உயர்வும் சிங்களத் தேர்ச்சியில் தங்கின. பலர் வயதுக்கு முன்பே ஓய்வு பெற்றனர். 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. 1983 ஜூலைக்குப் பின் உயிர் தப்புவதே பெரிதாயிற்று. இவ்வாறு வெவ்வேறு ஆண்டுகளில் இங்கு வந்து சேர்ந்தவர்களுள், ஊரிலே முதிர்ந்த அனுபவமும் மதிப்பும் உடையவர்கள் இருந்தார்கள். பதினைந்து ஆண்டு ஆசிரியத் தொழில் செய்தவரின் சான்றிதழ் இங்கே செல்லவில்லை. அதிபரென்று ஊரார் எழுந்து நின்று வணங்கியவர், இரவிலே பெற்றோல் நிலையத்தில் காசாளராக நின்றார்.

அத்தகையோருக்குப் பாடம் வாங்கிப் படிக்கக்கூடிய தொழிலாகக் கணக்கியல் அமைந்தது. ஒரே மேசையின் ஒரு பக்கத்தில் பிள்ளை பள்ளிப் பாடம் எழுத, மறுபக்கத்தில் தகப்பன் ஐந்தொகை சமப்படாமல் விழித்திருந்த வீடுகள் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பின் புத்தகம் எடுத்த தாய்மாரும் உண்டு. 1980ஆம் ஆண்டில் ஏ.ஏ.டி. என்ற கணக்கியல் தொழில்நுட்பர் சங்கம் தொடங்கியபின், முன் தகுதி ஒன்றும் இல்லாதவருக்கும் முதற்படி கிடைத்தது.

எல்லோரும் வென்றார்கள் என்று எழுதினால் அது பொய்க்கணக்கு ஆகும். ஒரே தாளை நான்கு முறை எழுதிக் கைவிட்டவர்கள் இருந்தார்கள். பரீட்சையில் தேறியும், இந்நாட்டு அனுபவம் இல்லை என்ற ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டுக் களைத்தவர்கள் இருந்தார்கள். வேலை வழங்குவதில் இனம், நிறம் பார்ப்பதை 1968ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது. வயதைப் பார்ப்பதைத் தடுக்க அப்போது சட்டம் இல்லை. அது 2006ஆம் ஆண்டு அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 1970களிலும் 80களிலும் நாற்பத்தைந்து வயதில் தகுதி பெற்ற ஒருவரை, வயது கூடிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பி அனுப்ப முடிந்தது. அப்படித் திருப்பப்பட்டவர்களுள் சிலர் சிறு கடைக்காரரின் வரிக் கணக்கை வீட்டிலிருந்தே எழுதத் தொடங்கினர். நாற்பதைத் தாண்டித் தம் பெயரில் அலுவலகம் திறந்த மேரி ஹாரிஸ் ஸ்மித்தின் வழியும் அதுவே.

இன்று தொடங்குபவருக்கு

இத்தொழில் அடிக்கடி எல்லோரையும் ஆரம்ப வகுப்பில் உட்கார்த்தி வைக்கிறது. 1980களில் கணினி வந்தபோது முப்பதாண்டு அனுபவம் உடையவரும் புதிதாக வந்த பையனும் ஒரே பாடத்தைத்தான் கற்றார்கள். 2005ஆம் ஆண்டில் பங்குச் சந்தைக் கொம்பனிகளுக்குச் சர்வதேசக் கணக்கியல் விதிகள் வந்தன. 2019ஆம் ஆண்டில் வாட் வரிக் கணக்குகள் கணினி வழியே செல்ல வேண்டும் என்ற முறை தொடங்கியது. கூட்டுகிற வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. அந்தக் கூட்டல் உண்மையைச் சொல்கிறதா என்று பார்க்கும் வேலை மனிதனிடமே இருக்கிறது. பற்றுச்சீட்டு ஒன்றைப் பார்த்ததும் இதில் ஏதோ பொருந்தவில்லை என்று நெருடும் உணர்வு, கடை நடத்தியவருக்கும் பண்டகசாலையில் இருப்பெடுத்தவருக்கும் பள்ளி நிதியைப் பொறுப்பாக வைத்திருந்தவருக்கும் இயல்பாக வரும். அதைப் பாடப் புத்தகத்தில் கற்க முடியாது.

கோயிலுக்கும் இதில் பங்கு உண்டு. இந்நாட்டில் அறநிலையமாகப் பதிவு பெற்ற ஒவ்வொரு கோயிலும் ஆண்டுதோறும் தன் வரவு செலவைக் கணக்கிட்டுக் காட்டக் கடமைப்பட்டது. உண்டியலில் விழும் ஒரு பவுணும், அர்ச்சனைச் சீட்டும், திருவிழா உபயமும் ஏட்டில் ஏற வேண்டும். அதற்கு வேண்டியவர், கணக்கும் தெரிந்து சபையின் நம்பிக்கையும் பெற்றவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூர் தேடியவரும் அவரே. ஐம்பது வயதில் கணக்கியல் கற்கத் தொடங்கும் ஓர் அங்கத்தவர், தம் பிழைப்புக்கு ஒரு தொழிலைத் தேடிக்கொள்வதோடு தம் கோயிலுக்கும் ஒரு கணக்கரைத் தேடித் தருகிறார்.

இனி என்ன படிப்பு, வயது போய்விட்டதே என்று வீடுகளில் கேட்கும் குரல் புதியதன்று. 1891ஆம் ஆண்டில் நாற்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவர் அதைவிடக் கடுமையான பதிலைக் கேட்டார். மறுநாளும் அலுவலகத்தைத் திறந்து, வாடிக்கையாளரின் ஏட்டை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்த மனத்திட்பத்தை அங்கத்தவர் அனைவருக்கும் இறைவன் அருள்வானாக.